சரியா, புள்ளடியா? படிவக் கூட்டுக்குள் இடும் அடையாளம்

கேள்வி: திருகோணமலை நகரை அண்டிய கடற்றொழிலாளர் சங்கமொன்றின் செயலாளர் நான். அங்கத்தவர் விவரம் திரட்ட இரண்டு பக்கப் படிவம் அடித்து 212 வீடுகளுக்குக் கொடுத்தோம். 187 திரும்பி வந்தது. தலைப்பில் ‘உரிய கூட்டில் அடையாளமிடுக’ என்று போட்டிருந்தோம். சிலர் சரி (✓) போட்டிருக்கிறார்கள், சிலர் புள்ளடி (✗), சிலர் வட்டம், சிலர் கூட்டையே மையால் நிரப்பியிருக்கிறார்கள். ஒரே படிவத்தில் சரியும் புள்ளடியும் கலந்தும் கிடக்கிறது. புள்ளடி என்றால் ‘உண்டு’ என்று எடுப்பதா, ‘இல்லை’ என்று எடுப்பதா? வெறுங்கூட்டை என்ன செய்வது? எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிதாக அடிப்பதென்றால் எப்படி அமைப்பது? பிரதியொன்றை இணைத்திருக்கிறேன்.

பதில்: வீச வேண்டாம். பெரும்பாலானவற்றை இருந்தபடியே வாசித்தெடுக்கலாம். ஒரு கேள்வியையும் கடைசியிலுள்ள சம்மதக் கூட்டையும் மட்டும் திரும்பக் கேட்டேயாக வேண்டும். அந்தக் கேள்வி 11 ஆவது, இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

நிரப்பிய ஆட்களில் பிழையில்லை. ‘அடையாளமிடுக’ என்றீர்கள், எந்த அடையாளம் என்று சொல்லவில்லை. அவரவர் கை பழகிய அடையாளத்தை இட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கைக்கு இரண்டு மூன்று பழக்கம் இருக்கும்.

பள்ளிக்கூடக் கொப்பியில் ✓ என்றால் சரி, ✗ என்றால் பிழை. முதல் பழக்கம் அது. க.பொ.த. பரீட்சைக்குப் போனால் பல்தேர்வு விடைத்தாளில் சரியான விடையின் இலக்கத்தின் மேல் புள்ளடி இடச் சொல்கிறார்கள். அங்கே புள்ளடி என்றால் ‘இதுதான்’. வாக்குச்சீட்டிலும் அப்படியே: பாராளுமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு விரும்பினால் வேட்பாளர் இலக்கங்களின் மேல் மூன்று வரை புள்ளடி. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கமும் இடலாம். ஆகவே வாக்குச்சாவடிக்குப் பலமுறை போய்வந்த 60 வயதுக்காரர் வள்ளம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளடி இட்டால், அவரிடம் வள்ளம் இருக்கிறது. தகப்பனுக்காக நிரப்பிக்கொடுத்த 9 ஆம் வகுப்புப் பிள்ளை அதே இடத்தில் புள்ளடி இட்டால் வள்ளம் இல்லை. கடற்கரை மணலில் காகம் நடந்த தடம்போல இருப்பதால்தான் அதற்குப் புள்ளடி என்று பெயர். தடம் ஒன்றுதான், காகம் போன திசை வேறு.

இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’ என்று வரும் அரச படிவங்களில் ஆண் / பெண் என்று அச்சிட்டிருக்கும். வெட்டுப்படாமல் மிஞ்சுவதுதான் பதில். அந்தப் பழக்கம் உள்ளவர் உங்கள் படிவத்தில் தனக்கு வேண்டாத கூடுகளையெல்லாம் வெட்டிவைத்திருப்பார். அடுத்தது, அரச பதவி விண்ணப்பங்களில் வரும் இலக்கக் கூடு. பால் என்ற இடத்தில் ஆணுக்கு 0, பெண்ணுக்கு 1 என்று கொடுத்துவிட்டு ஒரேயொரு கூடு விட்டிருப்பார்கள். அதற்குள் இலக்கத்தை எழுத வேண்டும். அங்கே போய் அழகாக ஒரு சரி போட்டால், தரவு பதிபவருக்கு அது 0ஆ 1ஆ என்று தெரிய வழியில்லை. 0 என்றால் ஒன்றுமில்லைத்தானே என்று வெறுமையாக விட்டுவிடும் ஆண்களும் உண்டு. உங்கள் அங்கத்தவர்களின் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைச் சொல்லிவையுங்கள்: கூட்டைப் பார்த்தவுடன் சரி போடக் கூடாது, பக்கத்தில் இலக்கம் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடையாளத்துக்குத் தன்னளவில் பொருள் இல்லை என்பதற்கு யப்பானைப் பார்த்தால் போதும். அங்கே ஆசிரியர் சரியான விடைக்கு வட்டம் போடுவார், பிழைக்கு நாங்கள் ‘சரி’ என்று சொல்கிற அதே ✓ கீறலை இடுவார். யப்பானுக்கு வேலைக்குப் போகிற பொடியன்கள் மொழி வகுப்பு முதற்கிழமையிலேயே இதில் முட்டுப்படுவார்கள்.

இனி 187 படிவத்தையும் வாசிக்கும் முறை. முதலில் ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் 001 முதல் 187 வரை இலக்கமிடுங்கள். இது செய்யாமல் ஒரு தாளையும் புரட்டத் தொடங்காதீர்கள். பிறகு தனித்தனிக் கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு ஆளின் படிவத்தை முழுமையாகப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே தாளில் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் பின்பற்றுவார். அந்த முறையைக் கண்டுபிடிக்க, விடை உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வி வேண்டும். உங்கள் படிவத்தில் 3 ஆம் கேள்வி (ஆண் □ பெண் □) அதற்கு வாய்ப்பாக இருக்கிறது. ஆள் ஆணா பெண்ணா என்பதைப் பெயரில் சந்தேகம் வந்தால் அடையாள அட்டை இலக்கத்திலேயே பார்க்கலாம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் பிறந்த ஆண்டுக்குரிய முதல் இரண்டு இலக்கத்தைத் தாண்டி வரும் மூன்று இலக்கங்கள், புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கைத் தாண்டி வரும் மூன்று இலக்கங்கள், வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்ணுக்கு அதனுடன் 500 கூட்டியிருப்பார்கள். 214 என்றால் ஆண், 714 என்றால் பெண்.

இப்போது இணைத்த மாதிரியின் 7 ஆம் கேள்வியை (உங்களிடம் உள்ளவை: வள்ளம், வெளியிணைப்பு இயந்திரம், வலை, ஐஸ் பெட்டி) இரண்டு கையில் பார்ப்போம். ஒருவர் 3 ஆம் கேள்வியில் ‘ஆண்’ கூட்டில் புள்ளடி இட்டு, ‘பெண்’ கூட்டை விட்டிருக்கிறார். 7இல் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் புள்ளடி, மற்றவை வெறுமை. இவருடைய புள்ளடி ‘உண்டு’. இன்னொருவர் ‘ஆண்’ கூட்டில் சரி, ‘பெண்’ கூட்டில் புள்ளடி. 7இல் வள்ளத்துக்குச் சரி, இயந்திரத்துக்குப் புள்ளடி, வலைக்குச் சரி, ஐஸ் பெட்டிக்குப் புள்ளடி. இவருடைய புள்ளடி ‘இல்லை’. இரண்டு தாளிலும் இயந்திரக் கூட்டில் ஒரே மாதிரிப் புள்ளடிதான் கிடக்கிறது. முதலாமவரிடம் இயந்திரம் இருக்கிறது, இரண்டாமவர் துடுப்போடு போகிறார். கூட்டைக் கூட்டாக எண்ணியிருந்தால் இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் சேர்த்திருப்பீர்கள்.

மூன்றாவது வகை, 3இல் ‘ஆண்’ கூட்டை வெறுமையாக விட்டு ‘பெண்’ கூட்டை மட்டும் வெட்டிய ஆண். அவர் வெட்டிவிடும் பழக்கக்காரர். அவருடைய தாளில் வெறுங்கூடுதான் ‘உண்டு’. இப்படி அதிகம் இராது. ஆனால் ஒன்றிரண்டு வந்தால் திகைக்காதீர்கள்.

வட்டமும், நிரப்பிய கூடும் பெரிய சிக்கல் இல்லை. அவை இரண்டும் தெரிவு செய்ததையே குறிக்கும். ஒரு விலக்கு: தாளில் மற்ற எல்லா இடத்திலும் சரி போட்டவர் ஒரேயொரு கூட்டை மட்டும் கருப்பாக அப்பியிருந்தால், அது பிழையாகப் போட்ட சரியை மறைத்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலோ, தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினாலோ உள்ளே கிடக்கும் சரியின் அழுத்தம் தெரியும்.

சரியின் வால் நீண்டு மேல்வரிக் கூட்டுக்குள் ஏறியிருப்பதையும் உங்கள் மாதிரியிலேயே பார்த்தேன். சரி என்பது கீழே இறங்கும் சிறு கோடும் வலப்பக்கம் மேலேறும் நெடுங்கோடும் சேர்ந்தது. இரண்டும் சந்திக்கும் முனை எந்தக் கூட்டுக்குள் இருக்கிறதோ அந்தக் கூட்டுக்குத்தான் அது சொந்தம். வால் எங்கே போனாலும் கணக்கில்லை.

எழுதிக்கொள்ளும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் இலக்கம் கொடுங்கள்: உண்டு 1, இல்லை 2, விளங்கவில்லை 8, பதிலில்லை 9. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், முதல் 20 படிவத்தைப் பதியட்டும். பிறகு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்களைப் பேசி ஒரு விதியாக எழுதிவைத்துக்கொண்டு மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். 8 விழுந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். மூலப் படிவத்தில் எவரும் நீலப் பேனையோ கறுப்புப் பேனையோ வைக்கக் கூடாது. உங்கள் குறிப்பு சிவப்பில், பக்கத்தில் சிறு ஒப்பத்தோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது அங்கத்தவர் இட்டதா, சங்கம் இட்டதா என்று பிரித்தறிய முடியாது. எக்செலில் ஏற்றினால் அந்த நிரலைக் கூட்டாதீர்கள். எத்தனை 1, எத்தனை 2 என்று எண்ணுங்கள். 8ஐயும் 9ஐயும் கூட்டித்தொலைத்தால் 187 பேரின் பட்டியலில் 400 வள்ளம் வந்துவிடும்.

வெறுங்கூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு மூன்று பொருள் உண்டு: இல்லை, கண்ணில் படவில்லை, சொல்ல விருப்பமில்லை. 8 ஆம் கேள்வியில் ‘காப்புறுதி □’ என்று ஒற்றைக் கூடு வைத்திருக்கிறீர்கள். அங்கே வெறுமையாக விட்டவருக்குக் காப்புறுதி இல்லையா, அல்லது அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லையா? இரண்டாம் பக்கம் முழுதும் வெறுமையென்றால் திருப்பவில்லை. முன்னும் பின்னும் நிரப்பி இது மட்டும் வெறுமையென்றால் ‘இல்லை’ என்று ஊகிக்கலாம், ஆனாலும் 9 என்றே பதியுங்கள். ஊகத்தை அறிக்கையில் ஊகம் என்று எழுதலாம், இலக்கத்தில் கலக்கக் கூடாது.

சொல்ல விருப்பமில்லாத வெறுங்கூட்டுக்கு நீங்களே உதாரணம் தந்திருக்கிறீர்கள். வலை வகைகளில் தங்கூசி வலைக்கும் ஒரு கூடு. தடைசெய்யப்பட்ட வலை அது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய தாளில் அந்தக் கூட்டுக்குள் எவர் பேனை வைப்பார்? 187 தாளிலும் அது வெறுமையாக வந்திருந்தால் எங்கள் கரையில் தங்கூசியே இல்லை என்று பொருளாகாது. அந்தக் கூட்டை எடுத்துவிடுங்கள்.

இனி 11 ஆம் கேள்வி. ‘கடந்த இரண்டு ஆண்டில் தொழிலுக்காகக் கடன் பெறவில்லையா? ஆம் □ இல்லை □’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆங்கிலப் படிவமொன்றிலிருந்து பெயர்த்த வாசனை அடிக்கிறது. கடன் எடுக்காத ஒருவரிடம் வாயால் கேட்டுப் பாருங்கள்: ‘கடன் எடுக்கேல்லையோ?’ ‘ஓம், எடுக்கேல்லை’ என்பார். எதிர்மறையாகக் கேட்டால், கேட்டவர் சொன்னது உண்மை என்று தலையாட்டுவது எங்கள் பேச்சு வழக்கம். ஆங்கிலத்தில் அதே ஆள் ‘இல்லை’ என்றுதான் தொடங்குவார். தமிழ் வழக்கப்படி கடன் எடுக்காதவர் ‘ஆம்’ கூட்டில் அடையாளமிட்டிருப்பார். ஆங்கிலப் படிவம் பழகியவர், அல்லது கேள்வியை ஓடி வாசித்து ‘கடன்’ என்ற சொல்லை மட்டும் பிடித்தவர், ‘இல்லை’ கூட்டில் இட்டிருப்பார். இரண்டு பேரும் கடன் எடுக்காதவர்கள். தாளை எத்தனைமுறை பார்த்தாலும் இதைப் பிரிக்க முடியாது. 3 ஆம் கேள்வியும் உதவாது, ஏனென்றால் இங்கே குழம்பியது அடையாளமல்ல, சொல். ஆகவே அந்த நிரலையே விட்டுவிட்டு 187 பேரிடமும் ‘கடன் பெற்றீர்களா?’ என்று திரும்பக் கேளுங்கள். படிவத்தில் எதிர்மறைக் கேள்வியே வேண்டாம். ‘□ பெற்றேன் □ பெறவில்லை’ என்று வினைச்சொல்லையே கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆம் இல்லைத் தொல்லையே வராது. தமிழில் அதுதான் பாதுகாப்பு.

புதிய படிவத்தில் தலைப்பில் இப்படி எழுதுங்கள்: ‘உங்களுக்குப் பொருந்தும் விடைக்கு முன்னுள்ள கூட்டுக்குள் ✓ இடுக. புள்ளடி இட வேண்டாம்.’ அதன் கீழே நிரப்பிய மாதிரி ஒன்றைக் காட்டுங்கள். சொல்லை வாசிக்காதவரும் படத்தைப் பார்ப்பார். ✓ அடையாளத்தை அச்சிடும் இடத்தில் பல அலுவலகப் படிவங்களில் கணிதத்து வர்க்கமூலக் குறி (√) கிடக்கும். எழுத்துருவில் கைக்கு எட்டியது அதுதான் என்பதால் வந்த வழக்கம். எவரும் குழம்பியதில்லை, ஆனாலும் சரியான குறியே இருக்கும்போது அது எதற்கு? சரியா, புள்ளடியா, எதைத் தெரிவது என்று கேட்டால், பிள்ளைகள் பெற்றோருக்கு நிரப்பிக்கொடுக்கும் இடத்தில் சரியே நல்லது. எதைத் தெரிந்தாலும் படிவம் முழுதும் ஒன்றாக இருக்கட்டும்.

உண்டு இல்லை கேள்விக்கு எப்போதும் இரண்டு கூடு. பலவற்றைத் தெரியக்கூடிய கேள்வியில் கடைசியாக ‘□ இவற்றில் எதுவும் இல்லை’ என்று ஒன்று. இந்த ஒரு கூடுதான் வெறுமையைப் பேசவைக்கும். ஒன்றை மட்டும் தெரிய வேண்டிய இடத்தில் ‘ஒன்றில் மட்டும்’ என்றும், பலதைத் தெரியலாம் என்றால் ‘பொருந்தும் எல்லாவற்றிலும்’ என்றும் கேள்வியின் வாலிலேயே எழுதுங்கள். தலைப்பில் எழுதியதை ஏழாம் கேள்விக்கு வரும்போது எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ‘வேறு’ என்று ஒரு கூடு வைத்தால் பக்கத்தில் குறைந்தது 6 சென்ரிமீற்றர் கோடு விடுங்கள்.

அளவு முக்கியம். கூடு 5 மில்லிமீற்றர்ச் சதுரம். உங்களுடையது 3 மில்லிமீற்றர்கூட இல்லை, அதனால்தான் வால்கள் மேல்வரிக்கு ஏறின. வரிக்கு வரி 9 மில்லிமீற்றர். கூட்டுக்கும் அதன் சொல்லுக்கும் இடையே 2 மில்லிமீற்றர், ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் இடையே 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல். இந்த வித்தியாசம் இல்லாததால்தான் உங்கள் 7 ஆம் கேள்வியில் ‘வள்ளம் □ வெளியிணைப்பு இயந்திரம் □ வலை □’ என்று ஓடும் வரியில் இயந்திரத்தின் கூடு முன்னதா பின்னதா என்று தெரியவில்லை. முதற்கூட்டை இயந்திரத்துக்கு என்று எண்ணி வரிசையே ஒன்று தள்ளிப்போன தாள்களும் கட்டாயம் இருக்கும். கூட்டைச் சொல்லுக்கு முன்னே வையுங்கள், விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். தாள் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அடுக்க இடமில்லாமல் ஒரே வரியில் ஓடவிட்டால் தமிழுக்கென்று ஒரு தொல்லை வரும். எங்கள் சொற்கள் நீளம். ஆங்கிலப் பிரதியில் ஒரு வரிக்குள் நின்ற நான்கு விடைகள் தமிழில் மடங்கி, கூடு ஒரு வரியின் கடைசியிலும் அதன் சொல் அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழும். வேர்ட்டில் கூட்டுக்கும் சொல்லுக்கும் இடையே சாதாரண இடைவெளிக்குப் பதிலாக கொன்ட்ரோல், சிப்ட் இரண்டையும் அமத்திக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள். இரண்டும் பிரியாமல் சேர்ந்தே மடங்கும்.

சிங்களப் பிரதியும் அடிப்பதென்றால் விடைகளின் வரிசையும் கூட்டின் இலக்கமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் 7.1, 7.2 என்று சிறிதாக இலக்கம் போட்டுவிட்டால் எந்த மொழிப் பிரதி வந்தாலும் ஒரே நிரலில் பதியலாம்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை சில. கூட்டின் கோடு முக்கால் புள்ளிக்கு மெல்லியதாக இருந்தால், பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது மூன்றாம் தலைமுறையில் கூடு காணாமற்போகும். சாம்பல் நிறம் பூசிய கூடு போட்டோகொப்பியில் கறுத்துவிடும், அதற்குள் இட்ட அடையாளம் தெரியாது. ஏ4 தாளைப் பாதியாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்கள், மடிப்பு மேலிருந்து 148 மில்லிமீற்றரில் விழும். அந்த வரியில் கூடு வைக்காதீர்கள். ஈரக் கைபட்டு மை கலைவதும் அங்கேதான். ஜெல் பேனையைத் தவிர்த்துச் சாதாரண போல்பொயின்ற் பேனையைக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

கணினியில் கூடு போடும் வழி: வேர்ட்டில் 2610 என்று தட்டிவிட்டு உடனே ஆல்ட்டை அமத்தி எக்ஸ் தட்டினால் வெறுங்கூடு வரும். 2611 சரி இட்ட கூடு, 2612 புள்ளடி இட்ட கூடு, 2713 தனிச் சரி. வெறுங்கூட்டை 18 புள்ளி அளவுக்குப் பெருப்பித்தால் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் வரும், அச்சிட்டு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கூடு பெருத்தால் வரிகள் கோணும். பரகிராப் அமைப்பில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ 26 புள்ளி என்று கட்டிவையுங்கள்.

விங்டிங்ஸ் எழுத்துருவில் தட்டிய சரியை நம்ப வேண்டாம். அது உண்மையில் வேறோர் எழுத்து, உடை மட்டுமே சரி. முழுப் படிவத்தையும் தெரிவுசெய்து பாமினி எழுத்துருவுக்கு மாற்றினால் உடை கழன்று, கூடு இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத எழுத்து வந்து நிற்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்தாலும், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில எழுத்தொன்று சரிக்குப் பதிலாகச் சிரிக்கும். யுனிகோட்டில் தட்டுங்கள், அச்சகத்துக்கு வேர்ட் கோப்பை அனுப்பாமல் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள்.

கணினியிலேயே நிரப்ப வேர்ட்டின் ‘டெவலப்பர்’ தாவலிலிருந்து சொடுக்கும் கூடு போட்டால் ஒரு பொறி இருக்கிறது: சொடுக்கியவுடன் அதில் வருவது சரி அல்ல, புள்ளடி. நிரப்புபவர் ‘ஐயோ, இல்லை என்று விழுந்துவிட்டது’ என்று திரும்பச் சொடுக்கி வெறுமையாக்கிவிடுவார். கூட்டின் ‘புரொப்பட்டீஸ்’ திறந்து ‘செக்ட் சிம்பல்’ என்பதை 2611க்கு மாற்றிவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும்.

கூகிள் போமில் போவதென்றால் வட்டமும் சதுரமும் வேறு. வட்டத்தில் ஒன்றைத்தான் தெரியலாம், இன்னொன்றைத் தொட்டால் முதலாவது போய்விடும். சதுரத்தில் எத்தனையும் தெரியலாம். சதுரத்தின் விடைகள் எல்லாம் விரிதாளில் ஒரே பெட்டிக்குள் கால்புள்ளி போட்டு வந்து விழும். ஆகவே விடையின் சொல்லுக்குள் கால்புள்ளி இருக்கக் கூடாது. ‘கரைவலை, சிறியது’ என்று எழுதினால் பிரிக்கும்போது அது இரண்டு வலையாகிவிடும்.

கடைசிக் கூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் என்னை உறுத்துகிறது. 14 ஆம் இடத்தில் ‘எனது விவரங்களையும் புகைப்படத்தையும் வங்கிகள், நிறுவனங்களுடன் பகிரச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதி, சரியையும் நீங்களே அச்சிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அச்சகம் இட்ட சரி அங்கத்தவரின் சம்மதம் ஆகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் என்று எதிர்பார்ப்பது, ஆள் தானாக முன்வந்து, விவரம் அறிந்து, தெளிவாகக் காட்டும் இசைவை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019 ஒக்டோபரில், முன்கூட்டியே சரி இட்ட கூடு சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. அங்கே வழக்கு ஒரு இணையத்தள அதிர்ஷ்டப் போட்டியைப் பற்றியது, உங்களுடையது காகிதம். ஆனாலும் நியாயம் ஒன்றே. இந்த 187 தாளிலும் கிடக்கும் அந்தச் சரிகளை இல்லாததாக எண்ணுங்கள். கடனுக்காகத் திரும்பக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். ஆனால் தொலைபேசியில் வேண்டாம், தாளில் வாங்குங்கள். வங்கிக்கு ஒரு கூடு, புகைப்படத்துக்கு ஒரு கூடு, இரண்டுக்கும் தனித்தனியே ‘□ சம்மதம் □ சம்மதமில்லை’. கீழே ஒப்பமும் திகதியும். ஒப்பமிடத் தெரியாதவருக்கு இடது பெருவிரல் அடையாளமும், வாசித்துச் சொன்னவரின் பெயரும். கூட்டுக்குள் இட்ட சரியைப் பார்த்து அதை இட்டவர் யார் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒப்பம்.

பிழையாகப் போட்டால் என்ன செய்வது என்பதையும் புதிய படிவத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பிழையான சரியின் மேல் புள்ளடி போடுவார்கள், நட்சத்திரம்போல ஒன்று வரும். அது அழித்ததா அழுத்திச் சொன்னதா என்று நீங்கள் முழிப்பீர்கள். கூட்டையும் சொல்லையும் சேர்த்து இரண்டு நேர்கோட்டால் வெட்டி, ஓரத்தில் சிறு ஒப்பமிட்டு, சரியான கூட்டில் ✓ இடச் சொல்லுங்கள். ரிப்பெக்ஸ் பூச விடாதீர்கள். கீழே என்ன இருந்தது என்று தெரியாமற்போவதோடு, வெள்ளை மேல் எழுதியதும் சுரண்டினால் கழன்றுவிடும்.

212 பிரதி அடிக்குமுன் 10 பிரதி எடுத்து, படிவத்தை முன்பு பார்த்திராத 10 பேரிடம் கொடுங்கள். ஐந்து பேர் 50 வயது தாண்டியவர்கள், ஐந்து பேர் பள்ளிப் பிள்ளைகள். எதையும் விளக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். எவராவது பேனையை நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்த்தால், அந்த வரியைத் திருத்துங்கள்.